அலுமினியக் கூட்டுப்பொருள்களும் தேய்மானத் தடுப்பும்

(பழவேற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

உலோகவியல் என்னும் பெரிய சாஸ்திரத்தில் ஒரு சிறு பகுதியாகிய இந்த விஷயத்தை, நகரத்துக் கல்லூரி மண்டபம் ஒன்றில் பேசாமல், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த இந்த ஊரில் வந்து பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் விரும்பியபோது, அந்த விருப்பத்தில் ஆழ்ந்த பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியாகிய பழவேற்காடு ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கிடக்கிறது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் எஸ்.எல்.வி.-3 ஏவப்பட்ட அந்தத் தீவிலிருந்து இன்று விண்ணுக்குப் புறப்படும் ராக்கெட்டுகளின் திரவ எரிபொருட்கலங்கள் அலுமினியக் கலவைகளால் ஆனவை. தெற்கே வல்லூரிலும் அத்திப்பட்டிலும் நிற்கும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளின் அடியில் நாள்தோறும் குவிகிற சாம்பல், அதே அலுமினியத்தோடு சேர்க்கத்தக்க பொருள் என்று நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, இவ்வூர் மீனவர்களாகிய உங்கள் ஃபைபர் படகுகளில் பூட்டிய அவுட்போர்டு எஞ்சின்களின் உடற்கூடும், பிஸ்டனும், பெரும்பாலான புரொப்பெல்லர்களும் அலுமினியமே. ஆகவே அலுமினியம் எப்படித் தேய்கிறது, அதை எப்படித் தேயாமல் காப்பது என்னும் கேள்விக்கு விடை தேட இதைவிட ஏற்ற இடம் வேறு இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

தேய்மானம் என்னும் நஷ்டம்

ஒரு பருவம் முழுவதும் ஓடிய அலுமினியப் புரொப்பெல்லர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகளின் நடுப்பகுதியில் கறுப்புப் பூச்சு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் நுனியிலும் முன்விளிம்பிலும் பூச்சு முற்றும் போய், உலோகம் வெள்ளையாகத் தெரியும். விளிம்பு மெலிந்து, விரலால் தடவினால் கீறும் அளவுக்குக் கூர்மையாகியிருக்கும். அங்கங்கே ஊசி முனையளவு குழிகளும் காணப்படும். ஏரியின் முகத்துவாரம் மணல் அடைத்துக் குறுகும் நாள்களில், ஆழமற்ற நீரில் படகைச் செலுத்தும்போது புரொப்பெல்லர் தண்ணீரை மட்டும் தள்ளுவதில்லை, தண்ணீரோடு புரண்டு வரும் மணலின் மோதலையும் தாங்கிக்கொண்டே சுழல்கிறது. நுனிதான் மிக வேகமாகச் செல்லும் பகுதியாதலாலும், மணல் மோதலால் விளையும் சேதம் வேகத்தின் இருமடிக்கும் மேலான விகிதத்தில் ஏறுமாதலாலும், தேய்மானம் நுனியில் தொடங்குவது தற்செயலன்று. அந்த விளிம்பு தன் வடிவத்தை இழந்த நாளிலிருந்து, அதே தூரத்துக்கு அதிக எரிபொருள் செலவாகத் தொடங்குகிறது. அந்தச் செலவு படகுக்காரரின் கணக்கில் தேய்மானம் என்ற பெயரில் எழுதப்படுவதில்லையே தவிர, அவர் கைப்பணத்திலிருந்தே போகிறது.

தேய்மானத்தைப் பற்றிய நம் விஞ்ஞான அறிவின் அடிப்படைச் சூத்திரங்களுள் ஒன்றை 1953இல் ஆர்ச்சர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி வகுத்தளித்தார். உராயும் இரு பரப்புகளில் இழக்கப்படும் பொருளின் அளவு, அழுத்தும் பாரத்துக்கும் உராய்ந்து செல்லும் தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், மென்மையான பரப்பின் கடினத்தன்மைக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும் என்பது அதன் சாரம். இந்த எளிய சூத்திரத்தைப் படித்தவர்கள், கடினத்தன்மையை உயர்த்திவிட்டால் தேய்மானம் தானே குறைந்துவிடும் என்று நம்பியதும், அந்த நம்பிக்கையிலேயே பல்லாண்டு கால ஆராய்ச்சி நடந்ததும் இயல்பே. ஆனால் தேய்மானம் ஒரே வகையானதன்று. உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்வது ஒன்று. கடினமான துகள் மென்பரப்பில் சால் இழுத்துக்கொண்டு போவது மற்றொன்று. நீரோடு வரும் மணல் மோதிச் செதில் செதிலாகப் பெயர்ப்பது இன்னொன்று. உப்புநீர் உலோகத்தை அரிப்பது வேறொன்று. எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் முதல் வகைக்கு ஆளாகிறது. உங்கள் புரொப்பெல்லரோ கடைசி மூன்றுக்கும் ஒரே சமயத்தில் ஆளாகிறது. ஒரு பகைவனுக்கு எதிராகச் செய்த கவசம் மற்றொரு பகைவனிடம் பயன்படாமல் போகலாம் என்பதை முதலிலேயே நினைவில் இருத்திக்கொள்வது அவசியம்.

மென்மையான உலோகத்தின் பெருமை

1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூலும், ஒருவரை ஒருவர் அறியாமலே, உருகிய கிரையோலைட்டில் அலுமினிய ஆக்சைடாகிய அலுமினாவைக் கரைத்து மின்சாரம் செலுத்தி அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான், அதுவரை பொன்னோடும் வெள்ளியோடும் வைத்து எண்ணப்பட்ட இவ்வுலோகம் சாமானிய மக்களின் கைக்கு வந்தது. நம் சென்னையும் இவ்வரலாற்றில் பின்தங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். பின்னாளில், 1960களில், மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் உருக்காலையும் எழுந்தது.

ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தின் எடை 2.7 கிராம், இரும்பின் எடை ஏறத்தாழ 7.9 கிராம். காற்றுப் பட்ட அந்தக் கணத்திலேயே தன் மேனியில் மிக நுண்ணிய ஆக்சைடுப் படலத்தைத் தானே போர்த்திக்கொள்வதால், இரும்பைப் போல் இது துருப்பிடித்து உதிர்வதில்லை. இலேசும் நீடிப்பும் ஒருங்கே வாய்ந்த இந்த உலோகத்துக்குள்ள பெருங்குறை அதன் மென்மை. பதப்படுத்திய வார்ப்பு அலுமினியக் கலவையின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவையில் ஏறத்தாழ 100 என்றால், உங்கள் கரை மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை ஆயிரத்துக்கு மேற்பட்டது. அதாவது பத்து மடங்கு. சாணைக்கல்லில் உள்ள அலுமினாவுக்கு ஏறத்தாழ 2000. 1891இல் அச்செசன் என்பவர் தற்செயலாகக் கண்டெடுத்த சிலிக்கன் கார்பைடுக்கு ஏறத்தாழ 2500. மணலைவிடக் கடினமான இத்துகள்களை அலுமினியத்துக்குள்ளேயே பதித்துவிட்டால் என்ன என்னும் எண்ணத்திலிருந்தே அலுமினியக் கூட்டுப்பொருள் பிறந்தது.

கூட்டுப்பொருள் பிறந்த கதை

இத்துறையில் இந்தியர்களின் பங்கு பெருமைக்குரியது. 1960களில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனியில் பணியாற்றிய பிரதீப் ரோஹத்கி, நிக்கல் பூசிய கிராஃபைட்டுத் துகள்களை உருகிய அலுமினியத்துக்குள் செலுத்தி, எண்ணெய் வற்றினாலும் ஒட்டிப் பிய்யாத ஓர் உலோகத்தை உண்டாக்கிக் காட்டினார். தாயகம் திரும்பிய அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும், திருவனந்தபுரம், போபால் வட்டார ஆய்வுக்கூடங்களிலும் இவ்வாராய்ச்சியை வேரூன்றச் செய்தார். 1981இல் அவரும் ஆராய்ச்சியாளர் சுரப்பாவும் சேர்ந்து வெளியிட்ட, அலுமினியத்தில் பீங்கான் துகள்களைக் கலந்து வார்க்கும் முறை பற்றிய கட்டுரை, இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. அதே பத்தாண்டில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் டீசல் எஞ்சின் பிஸ்டனின் வளையப் பள்ளத்தில் பீங்கான் இழைகளைப் பதித்தது. பின்னர் ஹோண்டா நிறுவனம் சிலிண்டரின் உட்சுவரில் அலுமினா இழையையும் கார்பன் இழையையும் சேர்த்துப் பதித்தது. 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ் கார், சிலிக்கன் கார்பைடு கலந்த அலுமினியப் பிரேக் தட்டுகளுடன் வெளிவந்தது.

கூட்டுப்பொருளைச் செய்யும் முறையைச் சற்று அருகிலிருந்து காண்போம். அலுமினியம் உருகும் வெப்பநிலை 660 பாகை சென்டிகிரேடு. மூசையில் உருகிக் கண்ணாடி போல் பளபளக்கும் உலோகத்தை அதற்கும் சிறிது மேலான வெப்பநிலையில் வைத்து, கலக்கியை இறக்கிச் சுழற்ற, நடுவே சுழி விழுகிறது. அந்தச் சுழியின் ஓரத்தில் சிலிக்கன் கார்பைடுத் தூளைச் சிறிது சிறிதாகச் சொரிகிறார்கள். முதன்முறை இதைப் பார்ப்பவருக்கு ஆச்சரியம் தரும் காட்சி அடுத்ததாக நிகழ்கிறது: அலுமினியத்தைவிட எடை மிகுந்த அந்தத் தூள், அமிழ வேண்டியிருக்க, அமிழாமல் சாம்பல்நிற மாவாக மேலேயே மிதந்து வட்டமிடுகிறது. உருகிய உலோகம் அத்துகளை நனைக்க மறுக்கிறது என்பதே அதன் காரணம். தூளை முன்கூட்டியே உயர்ந்த வெப்பத்தில் வறுத்து ஈரத்தை ஓட்டி, அதன் மேல் மெல்லிய சிலிக்காப் படலம் உண்டாகச் செய்து, உலோகத்தில் நூற்றுக்கு ஒரு பங்களவு மக்னீசியத்தையும் சேர்த்த பின்னரே துகள்கள் உள்ளே இறங்குகின்றன. வேகமாகக் கலக்கினால் அதே சுழி காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டுபோய் வார்ப்பில் துளைகளை உண்டாக்குகிறது. மெதுவாகக் கலக்கினால் துகள்கள் அடியில் படிகின்றன. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவே செல்வதுதான் வார்ப்பாளரின் திறமை.

பற்றும் பரவலும்

இனி என் சொற்பொழிவின் மையக் கருத்துக்கு வருகிறேன். தேய்மானத் தடுப்பை நிர்ணயிப்பது துகளின் கடினத்தன்மை மட்டுமன்று. அத்துகளை உலோகம் எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கிறது என்பதும், அது எங்கே, எந்த அளவில் அமர்ந்திருக்கிறது என்பதும், எந்தப் பகையை எதிர்த்து நிற்கிறது என்பதும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன.

சாந்து பிடிக்காத சுவரில் கருங்கல்லே வைத்தாலும் சுவர் நிற்காததுபோல, பற்று இல்லாத இடத்தில் வைரத்தையே பதித்தாலும் பயனில்லை. பற்றற்ற துகள் முதல் உராய்விலேயே பெயர்ந்துவிடுகிறது. பெயர்ந்த துகள் இரு பரப்புகளுக்கும் இடையே உருண்டு, தான் காக்க வந்த உலோகத்தையே அறுக்கிறது. இந்தப் பற்றை உண்டாக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. நீண்ட நேரம் மிகுந்த வெப்பத்தில் வைத்துவிட்டால், அலுமினியமும் சிலிக்கன் கார்பைடும் வினைபுரிந்து, அவற்றின் எல்லையில் அலுமினியம் கார்பைடு என்னும் நொறுங்கும் பொருள் விளைகிறது. இது நொறுங்குவதோடு நில்லாமல், ஈரம் பட்டால் சிதைந்து மீத்தேன் வாயுவாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிந்தும் போகிறது. ஏரி நீரில் வாழ வேண்டிய ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. உலோகத்திலேயே சிலிக்கன் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்குக்கு மேல் இருக்கும் கலவைகளைத் தேர்ந்தால் இவ்வினை வெகுவாக அடங்கிவிடும்.

அடுத்தது பரவல். உலோகம் உறையும்போது முன்னேறும் படிகக் கிளைகள் துகள்களைத் தமக்கு முன்னே தள்ளிக்கொண்டு போய்க் கடைசியாக உறையும் இடங்களில் குவித்துவிடுகின்றன. விரைவாகக் குளிரச் செய்தால் கிளைகள் நெருங்கி அமைந்து, துகள்களும் சீராகப் பரவுகின்றன. துகளின் அளவும் முக்கியம்: தாக்கும் மணல் இழுக்கும் சாலைவிடத் துகள் சிறியதாயிருந்தால், மணல் அதைத் தடையாகவே மதிக்காமல் உலோகத்தோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும், சாலைவிடப் பெரியதாயிருந்தால்தான் அது மணலின் பாதையை மறிக்கும். நுண்துகள்கள், அதனினும் நுண்ணிய நானோத் துகள்கள் என்று பேசப்படும் இக்காலத்தில், மணலோடு போராட வேண்டிய உறுப்புக்கு மிகச் சிறியது எப்போதும் மிகச் சிறந்ததன்று என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

மணலும் உப்பும் சேரும் இடம்

நம் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளில் இப்பொருள்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்யப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, சுழலும் எஃகுத் தட்டின் மீது சிறு உருளை வடிவ மாதிரியை அழுத்தி, உலர்ந்த நிலையில் எவ்வளவு எடை இழக்கிறது என்று அளப்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பரிசோதனையைக் குறை கூறுவதற்கில்லை. பிஸ்டனுக்கும் பிரேக்குக்கும் அது நல்ல வழிகாட்டி. எஃகிலிருந்து தேய்ந்த இரும்பும் ஆக்சைடும் மாதிரியின் மேல் அப்பிக் கெட்டியான படலமாகி, அதைக் காப்பதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நீரோடும் மணலோடும் சுழலும் புரொப்பெல்லரின் மேல் அத்தகைய படலம் நிற்பதேயில்லை.

மோதல் தேய்மானத்தைப் பற்றி 1960இல் ஐயன் ஃபின்னி என்னும் ஆராய்ச்சியாளர் விளக்கியதும் அதற்குப் பின் வந்தோர் விரித்ததும் இங்கே நமக்கு நேரடியாகப் பயன்படுவன. நெகிழ்வுள்ள உலோகங்களில், மணல் பரப்பை 20 முதல் 30 பாகை வரையிலான சாய்வில் உராய்ந்து மோதும்போது சேதம் உச்சத்தை அடைகிறது. நொறுங்கும் இயல்புள்ள பொருள்களிலோ, நேர்குத்தாக மோதும்போது சேதம் மிகுகிறது. பீங்கான் துகள் சேர்த்த அலுமினியம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே இலையின் பரப்பில் மணல் சாய்வாகச் சறுக்கும் இடங்களில் துகள்கள் நன்மை செய்யும். முன்விளிம்பில் மணல் நேராக அறையும் இடத்தில் அதே துகள்கள் விரிசலுக்கு வித்தாகலாம். அன்றியும், பாறையிலோ மரக்கட்டையிலோ மோதிய அலுமினிய இலை வளையும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். நூற்றுக்கு இருபது பங்கு துகள் கலந்த இலையோ நிமிர்த்த இடங்கொடாமல் உடைந்துபோகக்கூடும். ஆகையால் முழு இலையையும் கூட்டுப்பொருளாக வார்ப்பது அறிவுடைமையாகாது.

இதற்கு வழி, தேயும் இடத்தில் மட்டும் கடினத்தை வைப்பதே. சுழலும் கருவியால் உலோகப் பரப்பை உருகாமலே பிசைந்து, அதற்குள் துகள்களைப் பதிக்கும் முறை ஒன்று உண்டு. 1991இல் இங்கிலாந்தில் தோன்றிய உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு முறையின் வழிவந்தது அது. அச்சு சுழலும்போது எடை மிகுந்த துகள்கள் வெளிப்புறம் ஒதுங்கும்படி வார்க்கும் மையவிலக்கு வார்ப்பு மற்றொன்று. திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் இதில் நெடுங்கால அனுபவமுடையது. இவ்வழிகளில் உள்ளுடல் நெகிழ்வாகவும் மேனி கடினமாகவும் அமையும்.

உப்பின் கதையும் இதனோடு சேர்கிறது. கடல்நீரின் குளோரைடு, அலுமினியத்தின் காப்புப் படலத்தை ஊடுருவிக் குழி பறிக்கிறது. மணல் அந்தப் படலத்தைச் சுரண்ட, உப்பு அங்கே நுழைய, குழியில் தளர்ந்த உலோகத்தை மணல் மீண்டும் சுரண்ட, இரண்டும் தனித்தனியே செய்யும் சேதத்தின் கூட்டுத்தொகையைவிட இரண்டும் சேர்ந்து செய்யும் சேதம் அதிகமாகிறது. எஞ்சினுக்குள்ளே அருமருந்தாகிய கிராஃபைட்டு, உப்புநீரில் அலுமினியத்தோடு ஒரு மின்கலம்போல் செயற்பட்டு அதை விரைவாக அரிக்கும். ஆகவே தண்ணீரில் முழுகும் உறுப்புகளுக்கு அது ஆகாது. மின்கடத்தாத அலுமினாத் துகளுக்கு இந்தத் தோஷம் இல்லை. அவ்வாறே, ராக்கெட்டுக்கு உகந்த செம்பு கலந்த அலுமினியம் கடல்நீருக்கு உகந்ததன்று; மக்னீசியம் கலந்தவையே படகுக்கு உகந்தவை. ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பொருந்துவது எதிர்க்கரைக் குப்பத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள இடமில்லை.

சாம்பலைப் பற்றி

இங்கே கூடியிருப்போர் அனைவரும் கேட்க விரும்பும் கேள்வியை நானே எழுப்பிக்கொள்கிறேன்: எண்ணூர்க் கழிமுகத்தையும் கொசஸ்தலை ஆற்றையும் மூடிவரும் அந்தச் சாம்பலை இதற்குப் பயன்படுத்தலாகாதா? இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலே. அதில் சிலிக்காவும் அலுமினாவும் பெரும்பகுதி. துகள்கள் இயல்பாகவே உருண்டை வடிவின. சில உள்ளே வெற்றிடமாகி, தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானவை. ரோஹத்கியும் அவரைப் பின்பற்றியோரும் இச்சாம்பலை அலுமினியத்தில் கலந்து, எடையும் விலையும் குறைந்த, சாதாரணக் கலவையைவிடத் தேய்மானம் குறைந்த பொருள்களைச் செய்து காட்டியிருக்கிறார்கள். எஞ்சின் மூடிகளுக்கும் கப்பிகளுக்கும் அவை ஏற்றவை.

ஆயினும் உண்மையை மறைக்காமல் சொல்லுவது என் கடமை. சாம்பலின் பெரும்பகுதி கண்ணாடித் தன்மையானது; அது குவார்ட்ஸ் மணலைவிட மென்மையானது; ஆகவே மணலை எதிர்க்கும் வேலையில் சிலிக்கன் கார்பைடுக்கு அது ஈடாகாது. அன்றியும், அனல்மின் நிலையங்களில் குவியும் சாம்பலின் அளவுக்கு முன், அலுமினிய வார்ப்புகள் உட்கொள்ளக்கூடிய அளவு மிக மிகச் சிறியது. கூட்டுப்பொருள் ஆராய்ச்சியைக் காட்டி, ஆற்றில் சாம்பலை விடுவதற்கு யாரும் சமாதானம் சொல்லலாகாது. 1999ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சாம்பலைப் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டியது மின் நிலையத்தின் பொறுப்பே தவிர, உலோகவியலாரின் பொறுப்பன்று.

செய்ய வேண்டியவை

இப்போது நம் முன்னே நிற்கும் காரியம் தெளிவானது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், நாடெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களிலும் கூட்டுப்பொருள்களைச் செய்வதற்குரிய அறிவுக்குக் குறைவில்லை. குறைவாயிருப்பது, அவற்றை உபயோகிக்கப்போகும் மனிதர்களின் நீரிலும் மணலிலும் சோதித்துப் பார்க்கும் பழக்கமே. இந்த ஏரியின் உவர்ப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரால் தணிந்து, கோடையில் ஏறி, முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீரையும் மிஞ்சுகிறது. இவ்வளவு மாறுபாட்டையும் தானே அளிக்கும் சோதனைச்சாலையை எந்தப் பல்கலைக்கழகமும் கட்டித்தர முடியாது.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது: உங்கள் மாதிரிகளை உலர்ந்த எஃகுத் தட்டோடு நிறுத்திவிடாமல், பழவேற்காட்டு மணலையும் பழவேற்காட்டு நீரையும் எடுத்துச் சென்று அவற்றிலும் சோதியுங்கள். மோதும் கோணத்தை மாற்றிப் பாருங்கள்; கோடைநீரையும் மழைநீரையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள்; கடினத்தன்மை எண்ணோடு முறிவுத்தாங்கு திறனையும் சேர்த்தே எழுதுங்கள். எதிர்ப்பரப்பாகிய எஃகு எவ்வளவு தேய்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏனெனில் தான் தேயாமல் துணையைத் தேய்க்கும் உறுப்பு லாபமன்று. பட்டறையில் பற்றவைத்துப் பழுதுபார்க்க முடியுமா என்பதையும் கேளுங்கள். சிலிக்கன் கார்பைடு கலந்த அலுமினியத்தை உருக்கிப் பற்றவைத்தால் முன்னே சொன்ன நொறுங்கும் கார்பைடு மீண்டும் தலைதூக்கும்; பொன்னேரிப் பட்டறையில் சரிசெய்ய முடியாத ஓர் உறுப்பு, எவ்வளவு நீடித்து உழைத்தாலும், மீனவனுக்குச் சுமையே.

மீனவப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேய்ந்த புரொப்பெல்லரையும் குளிர்நீர்ப் பம்பின் உறுப்புகளையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன், எத்தனை மாதம் ஓடியது, எந்தத் துறையில் ஓடியது என்று குறித்து, ஆய்வுக்காகக் கேட்டு வரும் மாணவர்களிடம் கொடுத்துதவுங்கள். எந்த இயந்திரத்தாலும் செய்து காட்ட முடியாத பரிசோதனையை நீங்கள் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதன் முடிவு எங்கள் கைக்கு வராமலே போகிறது. அந்த முடிவுகளைத் தமிழில் எழுதி இவ்வூருக்கே திருப்பிக் கொடுப்பது எங்கள் கடன்.

மிகக் கடினமான பொருளே மிக நல்ல பொருள் என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். எந்த இடத்தில், எந்தப் பகைக்கு, எவ்வளவு என்று அறிந்து வைக்கப்பட்ட கடினமே பயன் தரும். அந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் பாதியும் படகுத்துறையில் பாதியுமாக இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் பொறுப்பை இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.